முனீஸ்வரி சரியென்று சொல்லிவிட்டாள்

"சரி, போடுவோம்" என்றாள் முனீஸ்வரி.

தங்கப்பாண்டியின் கையிலிருந்த தோசைத் துண்டு வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் அப்படியே நின்றது.

"என்னா சொன்ன?"

"பாதிப் பணத்த ஷேர்ல போடுவோம்னு சொன்னீங்கள்ல? சரின்னேன். இன்னொரு தோசை வைக்கவா?"

வேண்டாமென்று தலையாட்டினார். பசி பறந்தே போய்விட்டது. இருபத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் இப்படியொரு வெடிகுண்டை அவர் சந்தித்ததில்லை.

திருமங்கலம் பக்கத்து நூல் மில் ஒன்றில் முப்பத்து மூன்று வருஷம் மெஷின்களுக்கு வைத்தியம் பார்த்த ஃபோர்மேன் தங்கப்பாண்டி. போன மாதக் கடைசியில் ஓய்வு பெற்றார். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து இருபத்தாறு லட்சம் பேங்க்கில் வந்து உட்கார்ந்திருந்தது. பென்ஷன் என்று வருவது கேஸுக்கும் கரண்டுக்கும் காணும், அவ்வளவுதான். மற்றபடி, இனிமேல் சாகிற வரை இரண்டு பேருக்கும் சோறு போட வேண்டியது அந்த இருபத்தாறு லட்சம்தான். ஒரே மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. அவளிடம் போய் நிற்பது என்ற பேச்சே அந்த வீட்டில் கிடையாது.

அந்தப் பணத்தில் பாதியை ஷேர் மார்க்கெட்டில் இறக்கப் போவதாக மில் வாசல் டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் தங்கப்பாண்டி அறிவித்திருந்தார். "போஸ்ட் ஆபீஸ்ல போட்டுப் பூட்டி வைக்கிறதெல்லாம் பொம்பளைங்க வேலைடா. நம்ம அப்படியா?" என்று மீசையைத் தடவிக்கொண்டே சொன்னார். கூட வேலை பார்த்த விருமாண்டி மேஜையைத் தட்டி, "மாப்ள, நீ சிங்கம்!" என்றான்.

சிங்கம் பட்டம் புதிதல்ல. ஊரெல்லாம் ஈமு கோழி வளர்த்தபோது, "நாம ஐம்பது வளப்போம்" என்று வீட்டில் முழங்கியவர் தங்கப்பாண்டி. "ஒண்ணும் வேணாம்" என்றாள் முனீஸ்வரி. ஈமு வளர்த்தவர்கள் பிறகு பட்ட பாடு ஊருக்கே தெரியும். ஒத்தக்கடையில் பட்டா சரியில்லாத பிளாட்டை அடிமாட்டு விலைக்கு வாங்கப் போவதாகக் கிளம்பினார். "வேணாம்" என்றாள். நண்பனோடு பங்குக்கு லாரி? "வேணவே வேணாம்." ஒவ்வொரு தடவையும் மறுநாள் டீக்கடையில் உதட்டைப் பிதுக்கி, "நான் ரெடிதான், வீட்டுல விடமாட்டேங்கறா" என்பார். பொம்பளைங்க என்றாலே பயந்தவர்கள்தானே என்று எல்லோரும் உச்சுக் கொட்டுவார்கள்.

யாருக்கும் தெரியாத ரகசியம் ஒன்று உண்டு. அவள் 'வேணாம்' என்று சொன்ன ஒவ்வொரு ராத்திரியும் தங்கப்பாண்டி குறட்டை விட்டுத் தூங்கினார்.

இந்தத் தடவையும் அதே 'வேணாம்'தான் வரும் என்று நம்பித்தான் டீக்கடையில் சவடால் அடித்திருந்தார். அதோடு நிற்காமல், தல்லாகுளத்தில் இருக்கிற முதலீட்டு ஆபீஸுக்கு போன் போட்டு, "பதிமூணு லட்சம், என் பேர்ல ஃபாரம் ரெடி பண்ணி வைங்கம்மா, வெள்ளிக்கிழமை வாரேன்" என்று வேறு சொல்லி வைத்தாயிற்று. இன்றைக்குப் புதன்.

போதாக்குறைக்கு நேற்று விருமாண்டி தன் போனை நீட்டிக் காட்டியிருந்தான். திரை முழுக்கச் சிவப்பு எண்கள். "நாலு நாள்ல நாப்பதாயிரம் மாப்ள. வரும், திரும்ப வரும்" என்று சொன்னவன் வாய் சிரித்தது. கண் சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததிலிருந்து தங்கப்பாண்டி மூன்று தடவை பேங்க் பாஸ்புக்கை எடுத்துப் பார்த்துவிட்டார்.

இப்போது எப்படித் தப்பிப்பது? பயமாக இருக்கிறதென்று பெண்டாட்டியிடம் சொல்வதா? இந்த மீசையை வைத்துக்கொண்டா?

சட்டென்று ஒரு யோசனை.

"முனீசு, எதுக்கும் கருப்பன்கிட்ட ஒரு வார்த்த பூக் கட்டிக் கேட்டுக்கிடுவமா? பெரிய தொகை பாரு."

முனீஸ்வரி அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு, "கேட்டுக்கிடுவோம்" என்றாள்.

அவர்கள் குடும்பத்தில் கல்யாணம், வீடு, மாடு எதுவானாலும் குலதெய்வமான கருப்பனிடம் பூக் கட்டிக் கேட்பது வழக்கம். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். இலையில் மடித்து, நூலால் கட்டி, சாமி காலடியில் வைத்து, பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் விட்டுவிடு. கேள்வி கேட்கிற ஆள் பொட்டலம் கட்டக்கூடாது. கட்டினால் எது எதுவென்று தெரிந்துவிடுமே! ஆகவே தங்கப்பாண்டி கேட்க, முனீஸ்வரி கட்டுவதென்று முடிவாயிற்று.

புதன் ராத்திரி நிம்மதியாகப் படுத்தவர் வியாழன் விடிகாலை நாலரைக்குத் திடுக்கென்று எழுந்து உட்கார்ந்தார். சிவப்பு வர எம்புட்டு வாய்ப்பு? பாதிக்குப் பாதி. பாதியை நம்பியா பதிமூன்று லட்சத்தைப் பணயம் வைப்பது? மில்லில் மாற்று பெல்ட் கையில் இல்லாமல் ஒரு மெஷினைக்கூட ஓட்ட விடாத ஆள் அவர்.

முடிவு செய்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை. முனீஸ்வரி தலைக்குக் குளித்துவிட்டு அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு பொட்டலம் கட்டினாள். அவள் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறவள். மெஷினில் மாட்டியிருந்த மயில் பச்சை நூலாலேயே கட்டி, தாம்பாளத்தில் தேங்காய் பழத்தோடு வைத்துவிட்டுச் சேலை மாற்றப் போனாள். ஏழு நிமிஷம். தங்கப்பாண்டிக்கு அது போதும். கொல்லைக்குப் பாய்ந்தார். சிவப்பு அரளி இரண்டு கொத்து பறித்தார். அதே வாழையில் இலை கிழித்தார். அதே மெஷினில் நூல் உருவினார். மடித்தார், சுற்றினார், முடிச்சுப் போட்டார். இரண்டு பொட்டலமும் அச்சு அசலாகத் தாம்பாளத்தில் இருந்தவை மாதிரியே இருந்தன. இரண்டுக்குள்ளும் சிவப்பு. சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மேலே துண்டைத் தொங்கவிட்டுக்கொண்டார்.

கோயில் திருமங்கலத்திலிருந்து ஆறு கிலோமீட்டர். வண்டியில் போகிற வழியெல்லாம் முனீஸ்வரியின் கை அவர் தோளில் இருந்தது. சட்டைப் பைக்கும் அந்தக் கைக்கும் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. தங்கப்பாண்டிக்கு முதுகு முழுக்க வேர்வை.

பூசாரி கருத்தக்கண்ணன் அவருக்குப் பெரியப்பா மகன். அறுபத்தைந்து வயது. இடுப்பில் சிவப்புத் துண்டு, அதில் செருகிய செல்போன்.

"வாடா தம்பி. வா தாயி. என்னா விசேஷம்?"

"ரிட்டயர்மென்ட் பணம் விஷயமாக் கேக்கணும்ணே. பாதிய ஷேர்ல போடலாமா வேணாமான்னு."

"ஷேர்லயா? கருப்பனுக்கு அது தெரியுமாடா?"

"அவருக்குத் தெரியாததாண்ணே?"

"அதுவும் சரிதான். கால் அலம்பிட்டு வாங்க."

முனீஸ்வரி குழாயடிக்குப் போனாள். கருத்தக்கண்ணன் சூடம் தேட உள்ளே போனார். தங்கப்பாண்டி இரண்டு பக்கமும் பார்த்தார். தாம்பாளத்துப் பொட்டலங்கள் பைக்குள் போயின. பையிலிருந்தவை தாம்பாளத்துக்கு வந்தன. மூன்று வினாடிதான். கருப்பன் மட்டும் உருட்டி விழித்துக்கொண்டு பார்த்தார். "மன்னிச்சுக்க சாமி, வயசு காலத்துல வேற வழி தெரியல" என்று உதடு அசையாமல் சொல்லிக்கொண்டார்.

சூடம் ஏற்றப்பட்டது. மணி அடித்தது. பூசாரி கண்ணை மூடி, பொட்டலங்களைச் சாமி காலடியில் குலுக்கிப் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

சிவப்பு.

"உத்தரவு இல்லடா தம்பி" என்றார் கருத்தக்கண்ணன்.

தங்கப்பாண்டி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். டீக்கடைக்குச் சொல்ல வேண்டிய வசனம்கூடத் தயார். "அட, நான் ஆசையா இருந்தேன். சாமியே வேணாங்கும்போது..."

"சிவப்பு எப்படி வரும்?"

முனீஸ்வரியின் குரல். கோயில் மணியைவிடச் சத்தமாகக் கேட்டது.

"எப்படி வரும்னா? சாமி சொல்லுது தாயி."

"இல்ல மாமா. சிவப்பு வரவே வராது. நான் ரெண்டுலயுமே வெள்ளையத்தான வச்சேன்!"

சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பூசாரி எரிந்து கொண்டிருந்த சூடத்தைப் பார்த்தார். இலையிலிருந்த சிவப்பு அரளியைப் பார்த்தார். அவர் உடம்பு சிலிர்த்துவிட்டது. "ஆத்தீ! வெள்ளையச் செவப்பா மாத்திட்டானா! எலேய், கருப்பன் கண்ணு முன்னாடி நிக்கிறான்டா!" என்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

முனீஸ்வரி மட்டும் விழவில்லை. குனிந்து பிரிக்காத பொட்டலத்தை எடுத்தாள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நூல் அவள் நூல்தான். பச்சை. ஆனால்...

"மாமா, எந்திரிங்க" என்றாள் நிதானமாக. "இது என் முடிச்சு இல்ல. நான் ரெண்டு சுத்துச் சுத்திப் பல்லால கடிச்சு அறுப்பேன். இது மில்லு முடிச்சு. மெஷின் கதிர்ல நூலு அறுந்தாப் போடுவாங்களே, அது."

மூன்று பேரும் தங்கப்பாண்டியின் சட்டையைப் பார்த்தார்கள். மூன்றாவது ஆள் தங்கப்பாண்டியேதான். துண்டு எப்போதோ நழுவியிருந்தது. வெள்ளைச் சட்டைப் பையில் வாழையிலை ஈரம் பச்சையாக வட்டமிட்டிருந்தது.

முனீஸ்வரி கையை விட்டு இரண்டு பொட்டலத்தையும் வெளியே எடுத்தாள். பிரித்தாள். வெள்ளை. இன்னொன்று, வெள்ளை. தாம்பாளத்தில் மிச்சமிருந்ததைப் பிரித்தாள். சிவப்பு.

பூசாரிதான் முதலில் வாயைத் திறந்தார்.

"நாப்பது வருஷமாப் பூசை பண்றேன். ஏமாத்துறவன் வந்துருக்கான். புருசனும் பொண்டாட்டியும் ஆளுக்கொரு பக்கம் ஏமாத்தி இன்னைக்குத்தான்டா பாக்குறேன்!" அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று தங்கப்பாண்டி பயந்தார். இல்லை, சிரிப்பு. "போங்க, வெளிய போய்ப் பேசி முடிச்சுக்கங்க. ஆடி மாசம் ரெண்டு பேரும் வந்து பொங்கல் வைக்கணும், அபராதம். ஷேர்ல போடுறதா வேணாமான்னு சாமிகிட்ட வராதீங்க. அவரு பாவம்."

வெளியே வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. தங்கப்பாண்டி சாவியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே நின்றார். முனீஸ்வரி வண்டி சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

"சொல்லுங்க."

"என்னத்த?"

"ஊரெல்லாம் ஷேர்ல போடப் போறேன்னு தம்பட்டம் அடிச்ச மனுசன், சட்டைப் பையில செவப்ப வச்சுக்கிட்டு ஏன் திரியணும்?"

அவர் கோயில் பக்கம் பார்த்தார். வயலைப் பார்த்தார். வேறு பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

"பயமா இருக்கு முனீசு."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தார். அவள் சிரிக்கவில்லை.

"ஈமு கோழிக்கும் பயந்தீங்களா?"

"ம்."

"லாரிக்கு?"

"அதுக்குத்தான் ரொம்ப."

"அடப்பாவி மனுசா! உங்க ஆசையக் கெடுக்குறமே, கெடுக்குறமேன்னு ஒவ்வொரு தடவையும் அடுப்படியில போய் அழுதுருக்கேன் நான்!"

"நீ வேணாம்னு சொல்லுவேங்கிற தைரியத்துலதான நான் வாயே தொறந்தது." தங்கப்பாண்டி சாவியைச் சுழற்றுவதை நிறுத்தினார். "இந்தத் தடவ நீ இப்படிக் காலை வாரி விடுவேன்னு கண்டேனா?"

இப்போது முனீஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வண்டி ஆட ஆடச் சிரித்தாள். தங்கப்பாண்டி கோபப்பட முயற்சி செய்து பார்த்தார். முடியவில்லை. பக்கத்தில் வந்து வண்டியைச் சாயாமல் பிடித்துக்கொண்டார்.

"சரி, நீ ஏன் ரெண்டும் வெள்ளை வச்ச? எனக்காகவா?"

"உங்களுக்காகப் பாதி. அம்புட்டு ஆசையாச் சொல்றாரே, சாமி மாத்திச் சொல்லிருச்சுன்னா மனசொடிஞ்சு போயிருவாரேன்னு வச்சேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "மீதிப் பாதி எனக்காக."

"உனக்கு எப்ப வந்துச்சு இந்தத் துணிச்சல்?"

"துணிச்சலா? உங்களவிட எனக்குத்தான் பயம் ஜாஸ்தி. அதனாலதான் போடச் சொல்றேன்." அவள் விரலை மடக்கினாள். "நம்ம கல்யாணமான வருசம் சாதா பிளவுஸுக்கு இருபது ரூவா வாங்குனேன். இன்னைக்கு இருநூறு. அரிசியும் அப்படித்தான் ஏறிருக்கு. போஸ்ட் ஆபீஸ் வட்டி இன்னைக்கு எம்புட்டோ, பத்து வருசம் கழிச்சும் கிட்டத்தட்ட அம்புட்டுத்தான் வரும். அன்னைக்கு அது எதுக்குக் காணும்?"

"அதுக்குள்ள நாம..."

"நாம இல்லங்க. உங்க அப்பா அறுபத்தி நாலு வயசுல போயிட்டாரு. எங்கம்மாவுக்கு எம்பது, இன்னும் களை எடுக்கப் போறேன்னு நிக்குது. அதோட ஆத்தா தொண்ணூத்தி ரெண்டு வரைக்கும் இருந்துச்சு. எனக்கு இப்பத்தான் அம்பத்தி ரெண்டு." குரல் தழைந்தது. "நாப்பது வருசம் கெடக்கு எனக்கு. அதுல எத்தன வருசம் நீங்க பக்கத்துல இருப்பீங்கன்னு தெரியல. அம்புட்டு நாளைக்கும் பணம் கூட வரணும்ல? அப்ப அது கொஞ்சமாச்சும் வளரணும்ல?"

தங்கப்பாண்டி வண்டியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் போட்ட கணக்கெல்லாம் நாளைக்கு, அடுத்த மாதத்துக்கு, டீக்கடைக்கு. அவருக்குப் பிறகு ஒரு காலம் இருக்கிறது, அதில் இவள் தனியாகத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்ற படம் இதுவரை அவர் கண்ணில் பட்டதே இல்லை.

"விருமாண்டி போன்ல செவப்பா ஓடுச்சே..."

"அவரு காலையில வாங்கிச் சாயங்காலம் விக்கிறாரு. அது சூதாட்டம். நான் சொல்றது அது இல்ல. நம்ம பவுர்ணமிச் சீட்டுக்குப் பணங்கட்ட வர்ற டீச்சரம்மாகிட்ட ஆறு மாசமாக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். நூறு கம்பெனியிலயும் துளித்துளியாப் போட்டு, பத்துப் பதினஞ்சு வருசம் தொடாமக் கெடப்புல விடணும். அதையும் மொத்தமாக் கொட்டாம, மாசாமாசம் கொஞ்சமா."

"ஆறு மாசமாவா? என்கிட்டச் சொல்லவே இல்ல?"

"நீங்க டீக்கடையில சொல்லிருவீங்கள்ல!"

தங்கப்பாண்டி அவளை இறங்கச் சொல்லிவிட்டு வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

"எங்க போறோம்?"

"தல்லாகுளம்."

"உங்களுக்குத்தான் பயமா இருக்கே?"

"இருக்கு. ஏறு."

திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் வண்டியைப் போட்டுவிட்டு பஸ் பிடித்து, தல்லாகுளம் ஆபீஸின் மாடிப்படி ஏறும்போது மணி பன்னிரண்டரை. காத்திருப்போர் பெஞ்சில் நாலைந்து ஆண்கள். எல்லோர் கையிலும் ஃபாரம். ஸ்ரீலட்சுமி என்று பெயர்ப்பட்டை குத்தியிருந்த பெண் முகம் மலர எழுந்தாள்.

"வாங்க சார். போன்ல பேசுனீங்களே. எல்லாம் ரெடி. இங்க மட்டும் கையெழுத்து."

தங்கப்பாண்டி ஃபாரத்தைப் பார்த்தார். மேலே அவர் பெயர். கீழே, 'இடர் தாங்கும் அளவு' என்ற கேள்விக்கு எதிரே, 'அதிகம்' என்ற கட்டத்தில் பெரிய டிக். அன்றைக்கு போனில் சிங்கம் கர்ஜித்ததன் விளைவு.

"இத மாத்தணும்மா."

"எத சார்?"

"பேர. பாதிப் பணம் என் பேர்ல போஸ்ட் ஆபீஸுக்குப் போகுது. இங்க போடுறது இவங்க பேர்ல, மாசாமாசம் கொஞ்சமா. பேரு முனீஸ்வரி."

ஸ்ரீலட்சுமி முனீஸ்வரியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "சார், லேடீஸ் பொதுவா சேஃப்பாத்தான் கேப்பாங்க. மேடத்துக்கு வேணா குறைவான ரிஸ்க்ல ஒண்ணு பாத்து..."

"நானும் இம்புட்டு நாளா அப்படித்தாம்மா நெனச்சேன்." பெஞ்சில் ஒருவர் நிமிர்ந்து பார்ப்பது தெரிந்தது. காது சூடேறியது. பரவாயில்லை என்று தொண்டையைச் செருமிக்கொண்டார். "பயம் எனக்குத்தான். ராத்திரி தூக்கம் வராது. அதான் என் பங்கு போஸ்ட் ஆபீஸ். அவளுக்கு யோசிச்சுப் பாக்குற பொறுமை இருக்கு. என்ன கேக்கணுமோ அவளக் கேளு."

ஸ்ரீலட்சுமி புது ஃபாரத்தை எடுத்து முனீஸ்வரிக்கு எதிரே வைத்தாள். கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்தாள். "மேடம், நீங்க போட்ட பணம் ஒரு வருஷத்துல அஞ்சுல ஒரு பங்கு குறைஞ்சு போனா என்ன செய்வீங்க? உடனே எடுத்துருவீங்களா, காத்திருப்பீங்களா?"

பதிமூன்றில் ஐந்தில் ஒரு பங்கு எம்புட்டு என்று தங்கப்பாண்டியின் மனசு தானாகவே கணக்குப் போட்டுப் பதறியது.

முனீஸ்வரி அந்த வரியைத் தானே இன்னொரு முறை வாய்க்குள் வாசித்தாள்.

"அழுவேன்" என்றாள். "எடுக்க மாட்டேன்."

ஸ்ரீலட்சுமி சிரித்தபடி 'காத்திருப்பேன்' என்ற கட்டத்தைக் காட்டினாள். முனீஸ்வரி பேனாவை வாங்கினாள்.

மேலே ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது. ஃபாரத்தின் ஓரம் படபடவென்று துடித்தது. அப்போதுதான் தங்கப்பாண்டி கவனித்தார். ஊசியில் ஒரே தடவையில் நூல் கோக்கிறவள், பேனா முனையைக் கட்டத்துக்குக் கொண்டுபோவதும் பின்னால் இழுப்பதுமாக இருந்தாள்.

ஏதாவது சொல்லலாமா என்று யோசித்தார். என்ன சொல்வது? தைரியம் சொல்ல அவரிடம் என்ன இருக்கிறது? நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உள்ளங்கையால் பேப்பரின் மூலையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"போடு" என்றார்.